அகல் சித்தருக்கு இரும்பு ஆகாது

எண்ணெய் இல்லை. திரி இல்லை. தீப்பெட்டி இல்லை. ஒயரும் இல்லை. ஆனால் விளக்கு எரிகிறது!

எங்கே எரிகிறது? அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிப் போட்ட ஒரு தகரக் கொட்டகையில். யார் அருளால்? ஸ்ரீலஸ்ரீ அகல் சித்தர் அருளால். போன வருஷத் தீபம் வரைக்கும் அதே கொட்டகையில் இளநீர்தான் விற்றார்கள். இளநீர் ஒளி வீசாது என்பதால் அப்போது கூட்டம் கம்மி. இப்போது பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர்களிடம் ஆட்டோக்காரர்கள், "பெரிய கோவிலா, அகல் சித்தரா?" என்று கேட்கிறார்கள். அண்ணாமலையாருக்கே போட்டி வந்துவிட்டது. அவர் பாவம், எண்ணெயும் நெய்யும் ஊற்றினால்தான் எரிவார்.

அதிசயம் நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். கொட்டகையின் நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பீடம். அதன் மேல் பளபளவென்று ஒரு கறுப்புக் கடப்பா கல். பக்தர் பீடத்தின் முன்னால் போய் நிற்பார். தலைமைச் சீடர் கோபி அவர் கையில் ஒரு மண் அகலைக் கொடுப்பார். அகலுக்குள் மெழுகு போல ஏதோ உறைந்திருக்கும். நடுவில் ஒரு கண்ணாடித் துளி. அதற்குப் பெயர் ஜோதிக் கல். பக்தர் அகலை இரண்டு கையிலும் ஏந்திக் கண்ணை மூடிக்கொண்டு கடப்பா கல்லுக்கு மேலே நீட்ட வேண்டும். அவ்வளவுதான், துளி பொன்னிறமாக ஒளிரும். பளிச்சென்று ஒளிர்ந்தால் புண்ணியம் ஜாஸ்தி. மங்கலாக ஒளிர்ந்தால் பாவம் ஜாஸ்தி.

கண்ணை மூட வேண்டும் என்பது முக்கியமான விதி. திறந்துகொண்டு செய்ய வேண்டிய காரியங்களை எல்லாம் மூடிக்கொண்டு செய்வதில் நாம் பழக்கப்பட்டவர்கள்.

வீட்டுமனை புரோக்கர் அருள்ராஜ் ஒருநாள் காரில் வந்து இறங்கினார். ஊரில் பாதி ஏரியை மனையாக்கி விற்ற மகான். கோபி ஓடிப் போய் அவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, பீடத்துக்கு நேர் நடுவில் நிறுத்தினார். அகல் ஜெகஜோதியாக எரிந்தது! "ஏழு ஜென்மத்துப் புண்ணியம்!" என்றார் சித்தர். ஏரியில் இருந்த மீன்களைத்தான் யாரும் விசாரிக்கவில்லை.

அதே நாளில் திரௌபதி வந்தாள். துப்புரவுத் தொழிலாளி. பௌர்ணமி முடிந்த மறுநாள் காலையில் இந்த ஊரின் குப்பை முழுவதையும் அள்ளுகிறவர்களில் ஒருத்தி. அவளைக் கோபி பீடத்தின் ஓரமாக நிறுத்தினார். அகல் மினுக் மினுக்கென்று அழுது வடிந்தது.

"நான் இன்னா சாமி பாவம் பண்ணேன்?" என்று அவள் அழுதாள்.

"இந்த ஜென்மத்துது இல்லம்மா, போன ஜென்மத்துது. ஒரு மண்டலம் வந்தா சரியாயிடும்," என்றார் கோபி.

அவள் அதையும் நம்பி, வேலை முடித்த களைப்போடு நடந்தே வந்துகொண்டிருந்தாள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும்.

அதிசயம் அகலோடு நிற்கவில்லை. பீடத்தில் காதை வைத்தால் பூமிக்கடியிலிருந்து 'உம்ம்ம்' என்று ஓங்காரம் கேட்கும். காதை வைத்தவர்கள் அப்படியே உருகிப் போவார்கள். வீட்டில் ஃபிரிட்ஜிலும் இதே சத்தம்தான் வருகிறது. அதை மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள்.

சித்தருக்கு மாதம் ஒருநாள் மௌன விரதம். அன்றைக்கு அகல் எரியாது, பூமியும் ஓம் சொல்லாது. பராமரிப்புப் பணிக்காக அன்றைக்கு அடி அண்ணாமலையில் மின்சாரம் இருக்காது என்று பேப்பரிலும் போட்டிருப்பார்கள். இரண்டையும் தெரிந்துகொண்ட பக்தர்கள் என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? "பாத்தியா, சித்தர் மௌனமானா கரண்டே நின்னு போவுது!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் உண்டு. வாசலிலேயே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'பீடத்தின் அருகே இரும்பு, எவர்சில்வர், பித்தளை ஆகாது.' சாவிக்கொத்து, வளையல், டிபன் பாக்ஸ், எல்லாவற்றையும் கழற்றி வெளியே வைத்துவிட வேண்டும். உலோகத்தில் அசுரர்கள் குடியிருக்கிறார்களாம். ஊரில் எல்லாக் கோவிலிலும் சாமிக்குப் பித்தளைத் தட்டில்தான் தீபாராதனை. இத்தனை காலமாக அங்கே எந்த அசுரனும் எட்டிப் பார்த்ததாகத் தகவல் இல்லை.

இந்தச் சட்டம்தான் வேங்கிக்காலில் ஒரு குடும்பத்தை உலுக்கியது.

பாஞ்சாலை அந்த வீட்டின் மாமியார். பல வருஷமாகச் சர்க்கரை. மகன் சக்கரவர்த்தி அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். பெயர்தான் சக்கரவர்த்தி, அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் அவன் குறுநில மன்னன்கூட இல்லை. பாஞ்சாலை போன பௌர்ணமிக்கு வெறுங்காலோடு கிரிவலம் போனாள். வலது கால் கட்டைவிரலில் ஏதோ குத்தியிருக்கிறது. சர்க்கரை உள்ள கால் என்பதால் வலி தெரியவில்லை. கவனித்தபோது விரல் வீங்கிக் கறுக்க ஆரம்பித்திருந்தது.

டாக்டரம்மா பார்த்துவிட்டுப் பளிச்சென்று சொன்னார்: "உடனே அட்மிட் ஆகுங்கம்மா. கெட்ட சதைய எடுத்து சுத்தம் பண்ணிட்டா சரியாயிடும். தள்ளிப்போட்டா விரல் போவும். இன்னும் தள்ளிப்போட்டா காலே போவும்."

பாஞ்சாலை அங்கிருந்து நேரே அகல் சித்தரிடம் போனாள். அகல் மங்கலாக எரிந்தது. சித்தர் கண்ணை உருட்டிச் சொன்னார்: "தாயே, உன் நோய் எரியுது. அகல் முழுசா பிரகாசிக்கிற அன்னிக்கு புண்ணு தானா ஆறிடும். அதுவரைக்கும் உடம்புல இரும்பு படக்கூடாது. பட்டா ஜோதி அணைஞ்சிடும்!"

கத்தி இரும்பு. ஊசியும் இரும்பு. அறுவை சிகிச்சையும் கூடாது, தினமும் போட்டுக்கொள்ளும் இன்சுலினும் கூடாது. ஒரே வாக்கியத்தில் ஒரு ஆஸ்பத்திரியையே இழுத்து மூடிவிட்டார் மனிதர். அன்றிலிருந்து பாஞ்சாலை ஊசியை நிறுத்திவிட்டுப் புண்ணுக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தாள்.

மருமகள் எழிலரசி பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். டாக்டர் பட்டம் வாங்கியவள். அவள் ஆராய்ச்சியின் தலைப்பு 'இணைவுற்ற மின்தூண்டிகள் கொண்ட நிலைமாற்று மின்திறன் மாற்றிகளின் பகுப்பாய்வு'. பட்டம் வாங்கியபோது சக்கரவர்த்தி ஆசையாக அதை பேனரில் போட்டான். சொந்தக்காரர் ஒருவர் பேனரை முழுசாகப் படித்துவிட்டு, இது எந்தக் கோவிலில் ஓதுகிற மந்திரம் என்று கேட்டார்.

"அத்தை, கால் நாறுது அத்தை. ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்க," என்றாள் எழிலரசி.

"நாறல. சந்தனம் வச்சிருக்கேன்."

"சந்தனத்துக்கு உள்ள நாறுது."

"உனக்கு சாமின்னாலே நாறும்."

சக்கரவர்த்தி நடுவில் வந்தான். "எழிலு, அவங்க மனசுக்குப் புடிச்ச மாதிரி இருக்கட்டும், வுடேன்."

"மனசுக்குப் புடிக்கலாங்க. காலுக்குப் புடிக்கலியே!"

பாஞ்சாலைக்குக் கோபம் வந்துவிட்டது. "வாரத்துக்கு வாரம் எனக்கு அகல் பிரகாசம் ஜாஸ்தியாவுது தெரியுமா? நீயே வந்து உன் கண்ணால பாரு. அப்புறமா பேசு."

எழிலரசி அந்த வெள்ளிக்கிழமையே போனாள். அகலைக் கையில் வாங்கினாள், கல்லுக்கு மேலே நீட்டினாள். ஆனால் கண்ணை மூடவில்லை. சித்தருக்கு அது முதல் அபசகுனம்.

நாலு விரல் அகலம் அகலை ஓரமாக நகர்த்தினாள். வெளிச்சம் குறைந்தது. நடுவுக்குக் கொண்டுவந்தாள். கூடியது. மேலே தூக்கினாள், மங்கியது. ஒரு பக்கமாகச் சாய்த்தாள், இன்னும் மங்கியது. நேராக்கினாள், பளிச்சென்று வந்தது. அவள் நிற்கும் இடத்திலேயே பாவமும் புண்ணியமும் மாறி மாறி ஏறி இறங்கின. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆராய்ச்சிக் கூடத்தில் வருஷக்கணக்காக இதே நகர்த்தல், இதே தூக்கல், இதே சாய்த்தலுக்குத்தான் அவள் சமன்பாடு எழுதிக் கிழித்திருந்தாள்.

"ஆட்டாதீங்கம்மா! ஜோதிக்கு தலை சுத்தும்," என்று கோபி அகலைப் பிடுங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் சொன்னாள்: "பீடத்துக்குக் கீழ ஒரு செம்புக் கம்பிச் சுருள் இருக்குதுங்க. அதுல கரண்ட்ட ஒரு நொடிக்கு பல ஆயிரம் தடவ போட்டுப் போட்டு நிறுத்துறாங்க. அப்படி பண்ணா, தொடாமலே பக்கத்துல இருக்கிற இன்னொரு சுருள்ல கரண்ட் வரும். அந்த இன்னொண்ணு அகலுக்கு அடியில மெழுகுக்குள்ள இருக்குது. ரெண்டும் நேருக்கு நேர் நெருக்கமா இருந்தா நல்லா எரியும். தள்ளி இருந்தா மங்கும். நடுவுல இரும்பு வந்தா அந்த சக்திய இரும்பு தின்னுடும். அதனாலதான் இரும்பு ஆகாது."

"அப்ப புண்ணியம்?"

"கோபி உங்கள எங்க நிறுத்துறாரோ, அதுதான் உங்க புண்ணியம்."

சக்கரவர்த்தி வாயைப் பிளந்தான். மனைவி இத்தனை வருஷம் என்ன படித்தாள் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. ஆனால் பாஞ்சாலையிடம் போய்ச் சொன்னபோது அவள் அசையவில்லை. "நீ படிச்சது பரீட்சைக்கு. அவரு படிச்சது மலையில," என்று ஒரே போடாகப் போட்டாள். காலில் வீக்கம் அதற்குள் பாதம் வரை ஏறியிருந்தது.

பேசிப் பயனில்லை, காட்டித்தான் ஆக வேண்டும் என்று எழிலரசி முடிவு செய்தாள். ஒரு பிளாஸ்டிக் வளையலை எடுத்தாள். அதன் மேல் மெல்லிய செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, முனையில் ஒரு குட்டி எல்.இ.டி. விளக்கைப் பொருத்தி, கம்பி தெரியாமல் சிவப்பு நூலால் மூடினாள். பார்க்கிறவர்களுக்கு வேண்டுதல் கயிறு மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் நிற்க இடமில்லை. புல்லாங்குழல் ஸ்பீக்கரில் அலறிக்கொண்டிருந்தது. சித்தர் உயரமான ஆசனத்தில் பத்மாசனம் போட்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அகல் கொடுக்க வேறொரு சீடர், கோபி மூலையில் மணியோடு உட்கார்ந்திருந்தார். மணி அடிக்கும் கை ஆடியது, மடித்த முட்டி மட்டும் ஓர் இடத்தை விட்டு அசையவே இல்லை. எழிலரசி அந்த முட்டியைக் கவனித்துக்கொண்டாள். பாஞ்சாலை நொண்டி நொண்டிப் பீடத்துக்கு வந்தாள். எழிலரசி தாங்கிப் பிடிக்கிற சாக்கில் கூடவே போய்த் தன் கையையும் கல்லுக்கு மேலே கொண்டுபோய், வளையல் படுக்கைவாட்டில் வரும்படி விரல்களைக் கீழே தொங்கவிட்டாள்.

அகல் ஒளிர்ந்தது. அதைவிடப் பளிச்சென்று எழிலரசியின் வளையலும் ஒளிர்ந்தது!

கூட்டம் எட்டிப் பார்த்தது. எழிலரசி கையை உயர்த்திக் காட்டினாள். "பாத்தீங்களா? இது என் வீட்ல நானே பண்ண வளையல். இதுல ஜோதிக் கல்லும் இல்ல, மந்திரமும் இல்ல. ஆனாலும்..."

அவள் முடிக்கவில்லை. சித்தர் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு நொடியில் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார்: "அம்பிகை வந்துட்டா! இந்தக் கையில அகல் இல்லாமலே ஜோதி இறங்கிடுச்சி! இவ சாதாரணப் பொம்பள இல்ல, இவ ஜோதியம்மா!"

"ஜோதியம்மா!" என்று கூட்டம் அலறியது. முன்வரிசை தொபுக்கடீர் என்று எழிலரசியின் காலில் விழுந்தது. பின்வரிசை, எதற்கென்று தெரியாமல், முன்வரிசையின் மேல் விழுந்தது. யாரோ அவள் தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். புரோக்கர் அருள்ராஜ் தன் குழந்தையைத் தூக்கிவந்து அவள் காலடியில் போட்டுப் பெயர் வைக்கச் சொன்னார். வருஷக்கணக்காக மின்சுற்றைப் பகுத்தாய்ந்தவளுக்கு, ஒரே நிமிஷத்தில் தெய்வப் பதவி! பல்கலைக்கழகம்கூட இவ்வளவு சீக்கிரம் எதையும் கொடுத்ததில்லை.

பாஞ்சாலையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "என் மருமக! நான் பொண்ணு பாத்து கட்டி வச்ச மருமக!" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சக்கரவர்த்தி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து மனைவியின் காதில் கிசுகிசுத்தான். அவனுக்கு ஒரு யோசனை வந்திருந்தது. அவனுக்கு வருவது அபூர்வம் என்பதால் அவசரப்பட்டான். "எழிலு, இதான் சமயம். நீ இப்ப ஜோதியம்மா. ஆஸ்பத்திரிக்குப் போன்னு நீயே ஆணையிடு. அம்மா மறுபேச்சு பேசாம வந்துடுவாங்க!"

யோசனை மோசமில்லை. எழிலரசி மாமியாரின் காலைப் பார்த்தாள். கறுப்பு விரலிலிருந்து பாதத்துக்கு ஏறியிருந்தது. ஒரு வார்த்தை போதும். அவள் தயங்கினாள், நிஜமாகவே தயங்கினாள்.

"வேணாங்க. இன்னிக்கு என்னை நம்பி போவாங்க. நாளைக்கு அங்க ஊசிய பாத்ததும் வேற எவனாவது ஒருத்தன நம்பி எழுந்து வந்துடுவாங்க. அவங்க கண்ணால பாத்து, அவங்களே எழுந்து வரணும்."

பிறகு அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். தெய்வமான பிறகு குரலும் கொஞ்சம் மாறத்தானே வேண்டும்? "ஜோதியம்மா பசியா இருக்கா!" என்றாள்.

"என்ன வேணும் தாயே?"

"தோசை!"

கூட்டம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது. பொங்கல் கேட்கிற சாமி உண்டு, கூழ் கேட்கிற சாமி உண்டு. தோசை கேட்கும் சாமி புதுசு. ஆனாலும் சித்தரே அறிவித்த சாமி. கொட்டகைக்கு எதிரில் டிபன் கடை வைத்திருக்கும் தனம் எழுந்து ஓடினாள்.

"கழுவி வச்ச கல்லா எடுத்துட்டு வாக்கா. சூடு இல்லாத கல்லு," என்று எழிலரசி கத்தினாள்.

தனம் ஒரு கையில் இரும்புத் தோசைக்கல்லும் இன்னொரு கையில் மாவுச் சட்டியுமாக வந்தாள். சித்தருக்கு வியர்த்தது. "இரும்பு! இரும்பு ஆகாது! அசுர சக்தி!" என்றார்.

"அம்பிகைக்கு முன்னாடி அசுரன் நிப்பானா சாமி?" என்று கேட்டாள் எழிலரசி. நியாயமான கேள்வி. கூட்டம் கை தட்டியது. தான் செய்த தெய்வத்திடமே சித்தர் மாட்டிக்கொண்டார்.

"கோபி சாமி, இங்க வாங்க. உங்க கையாலதான் தோசை ஊத்தணும்," என்றாள் அடுத்து. கோபி அசையவில்லை. முட்டியை எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அவருக்குத் தெரியும். சுவிட்ச் அதன் கீழேதான் இருந்தது. ஆனால் பக்திக்குக் கை கொடுக்க ஆட்கள் நிறைய இருந்தார்கள். அவர் அதை அணைப்பதற்குள் நாலு பேர் சேர்ந்து கோபியை உட்கார்ந்த வாக்கிலேயே தூக்கிவந்து பீடத்தின் முன்னால் இறக்கிவிட்டார்கள். சுவிட்ச் போட்டது போட்டபடி மூலையில் அனாதையாகக் கிடந்தது. சித்தர் இறங்கி ஓடிப் போய் அணைத்திருக்கலாம். பத்மாசனத்தில் உட்கார்ந்து கால் மரத்துப்போனதால் அவரால் எழுந்திருக்க முடியவில்லை.

எழிலரசி தோசைக்கல்லைப் பீடத்தின் நடுவில் வைத்தாள். பாஞ்சாலை அங்கே வைத்துவிட்டுப் போயிருந்த அகல் பொசுக்கென்று அணைந்தது. பூமிக்கடியில் ஓங்காரம் சுருதி ஏறியது. கொஞ்ச நேரத்தில் கல்லிலிருந்து லேசாக ஆவி எழுந்தது.

"ஊத்துங்க சாமி."

கோபி ஊற்றினார். 'சுர்ர்' என்று சத்தம் வந்தது. மாவு வட்டமாக விரிந்து, ஓரம் சிவந்து, நடுவில் ஓட்டை ஓட்டையாக வெந்தது. முறுகல் வாசனை கொட்டகை முழுக்கப் பரவியது. அகல் சித்தர் பீடத்தில் அதுவரைக்கும் நடந்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான்.

தனம்தான் முதலில் பேசினாள். "இன்னாம்மா இது? எங்க வூட்டு கரண்ட் அடுப்பு மாதிரியே இருக்குது?"

"மாதிரி இல்லக்கா, அதேதான். நம்ம வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பைப் பிரிச்சி, கண்ணாடிக்குப் பதிலா கடப்பா கல்லு வச்சிருக்காங்க. பாத்திரம் இல்லன்னா தானா நின்னுபோற ஏற்பாடு அதுல இருக்கும். அத மட்டும் புடுங்கிட்டாங்க. இரும்ப வச்சா தோசை சுடும். சுருள வச்சா விளக்கு எரியும். அவ்வளவுதான்."

"இறைவன் அடுப்பிலும் இருக்கிறான்!" என்று சித்தர் கடைசி அஸ்திரத்தை விட்டார். அதற்கும் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பின்வரிசையில் இருந்து ஒருவர், "அந்த தோசைய பிரசாதமா குடுங்க, கொழந்தைக்கு ஊட்டணும்," என்று கையை நீட்டினார். நம் ஜனங்களை ஏமாற்றுவதைவிடக் கஷ்டமான வேலை, ஏமாந்துவிட்டார்கள் என்று அவர்களிடம் சொல்வது!

பாஞ்சாலை அந்தத் தோசையை உற்றுப் பார்த்தாள். பிறகு நொண்டிக்கொண்டே பீடத்துக்கு வந்தாள். கோபியைத் தள்ளிவிட்டு, தோசையை எடுத்து ஓரமாக வைத்தாள். மஞ்சள் தண்ணீர் இருந்த சொம்பில் விரலை நனைத்துக் கல்லின் மேல் தண்ணீரைச் சுண்டினாள், தினம் காலையில் அவள் சமையலறையில் செய்வது போலவே. துளிகள் குதித்து ஓடி மறைந்தன. குனிந்து பீடத்தில் காதை வைத்தாள்.

"இது ஓம் இல்ல. ஃபேன் சத்தம்," என்றாள். "நம்ம வீட்டு அடுப்புலயும் இதான் கேக்கும்."

நிமிர்ந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது. "டேய், இந்த அடுப்புக்காடா நான் ஊசிய நிறுத்தினேன்?"

அவ்வளவுதான். மருமகளின் டாக்டர் பட்டம் செய்ய முடியாததை ஒரு சொட்டுத் தண்ணீர் செய்தது. இளைஞர்கள் கடப்பா கல்லைப் பெயர்த்தார்கள். உள்ளே வட்டமாகச் செம்புச் சுருள், ஒரு பச்சை மின்சுற்று அட்டை, 'உம்ம்ம்' என்று சுற்றிக்கொண்டிருந்த குட்டி ஃபேன், இவை எல்லாம் அம்பலமாயின. அட்டையின் மேல் 'இந்த ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி கிடையாது' என்று ஒட்டியிருந்தது. சித்தரின் பூர்வாசிரமப் பெயர் கலையரசன், பூர்வாசிரமத் தொழில் ஆரணிப் பக்கம் அடுப்பு ரிப்பேர் என்பது போலீஸ் வந்த பிறகு தெரிந்தது. ஒழுங்காக ரிப்பேர் செய்துகொண்டு இருந்திருந்தால் நல்ல மெக்கானிக் என்று பெயர் எடுத்திருப்பான். அடுப்பைச் சரிசெய்தால் யாரும் காலில் விழுவதில்லையே.

அருள்ராஜ் மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை. "அப்ப என் ஏழு ஜென்மத்துப் புண்ணியம்?" என்று ஜீப் வரை கேட்டுக்கொண்டே போனார்.

திரௌபதி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எழிலரசியிடம் மெதுவாக வந்தாள். "அப்போ நான் பாவி இல்லியாம்மா?"

"இல்லக்கா. உங்கள ஓரமா நிக்க வச்சாங்க. அவ்ளோதான்."

திரௌபதி சித்தரின் காலி ஆசனத்துக்குப் போனாள். அதில் தொங்கிய மாலையை எடுத்துக் கீழே வீசினாள். தான் வீசியதைத் தானே அள்ள வேண்டியிருக்கும் என்று தெரிந்தும் வீசினாள்.

பாஞ்சாலை அங்கிருந்து வீட்டுக்குக்கூடப் போகவில்லை. "ஆட்டோவ நேரா ஆஸ்பத்திரிக்கு வுடச் சொல்லுடா," என்று மகனிடம் சொன்னாள். யாரும் ஆணையிடவில்லை, யாரும் காலில் விழவில்லை. ஊசியைப் பார்த்தபோது கையை அவளே நீட்டினாள்.

கால் தப்பியது. கட்டைவிரல் தப்பவில்லை. முதலில் சொன்ன அன்றைக்கே வந்திருந்தால் கெட்ட சதையை மட்டும் எடுத்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது, எழிலரசி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். பாஞ்சாலை அழவில்லை. கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். நேற்று பக்கத்துப் படுக்கைக்காரியைப் பார்க்க வந்த உறவுக்காரி ஒருத்தி, செங்கம் ரோட்டில் ஒருவர் தேங்காயை ஊதியே உடைக்கிறாராம், சர்க்கரைக்கு ரொம்ப நல்லதாம் என்று ஆரம்பித்தாள்.

பாஞ்சாலை போர்வையை விலக்கிக் காலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "எண்ணிப் பாரும்மா. யோசிக்கிறதுக்கு எனக்கு ஆன செலவு ஒரு விரல். உனக்கு இன்னும் பத்தும் இருக்குது இல்ல? இப்பவே யோசிச்சிடு."

வாசகர்களே, நீங்களும் ஒருமுறை குனிந்து எண்ணிக்கொள்ளுங்கள்.